மக்காச்சோளத்தைக் கொட்டகையில் காயவைத்து, கோதுமைக்கு நாள் மிச்சம் பிடித்த அனுபவம்

இலையுதிர் காலத்தில் இரண்டு வேலை ஒரே சமயத்தில் வந்து நிற்கும். நிற்கிற பயிரை எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் அடுத்ததை விதைக்க வேண்டும். இரண்டுக்கும் வேண்டியது காய்ந்த நாள். மழைக்கும் மூட்டத்துக்கும் நடுவே அப்படிப்பட்ட நாள் வாரத்துக்கு இரண்டோ மூன்றோதான் கிடைக்கிறது. போன வருடம் மக்காச்சோளம் செடியிலேயே காயட்டும் என்று காத்திருந்தே அந்த நாட்களையெல்லாம் தீர்த்துவிட்டேன். கடைசியில் கதிரும் சரியாகக் காயவில்லை, கோதுமையும் மூன்று வாரம் தள்ளிப்போய் சேற்றில் விழுந்தது. இந்த வருடம் மக்காச்சோளத்தை ஈரமாகவே ஒடித்து, கொட்டகைக்குள் ஒரு காற்றுப் பெட்டி செய்து அதில் காயவைத்தேன். அதை எப்படிச் செய்தேன், எங்கே இடித்தது, விதைப்புக்கு என்ன கிடைத்தது என்பதையெல்லாம் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அதிலிருந்து எடுத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நிலம் முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. களி கலந்த மண், ஒரு ஓரம் தாழ்வு. மக்காச்சோளம், ஓரத்தில் நாலு வரிசை சோயா. மக்காச்சோளத்தை எடுத்த இடத்தில் கோதுமை.

முதலில் கதிர் முற்றியதா என்று பார்க்க வேண்டும். தோகை காய்ந்து வெளுத்ததை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரு கதிரைக் குறுக்கே ஒடித்து, நடுவில் இருக்கும் மணியில் ஒன்றைப் பிடுங்கி, கதிர்த்தண்டோடு ஒட்டியிருந்த கூர்முனையை நகத்தால் சுரண்டுங்கள். மெல்லிய தோல் உரிந்ததும் உள்ளே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் மணிக்கும் செடிக்கும் இருந்த உறவு முடிந்தது. அதற்கப்புறம் செடி எதையும் மணிக்குள் அனுப்பாது, இருக்கிற தண்ணீர் வெளியேறுவது மட்டும்தான் பாக்கி. அந்தக் கட்டத்தில் மணியில் பொதுவாக 30 முதல் 35 சதவீதம் ஈரம் இருக்கும். என்னுடையது ஈரமானியில் 31 காட்டியது. கறுப்புக் கோடு விழுவதற்கு முன்பே கடும் உறைபனி அடித்துவிட்டால், அதாவது மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே சில மணி நேரம் போனால், செடி செத்துவிடும், மணி எடை இல்லாமலும் ஈரத்தோடும் நின்றுவிடும். இந்த வருடம் அதிலிருந்து தப்பித்தேன்.

சேமிக்க வேண்டுமென்றால் 14 சதவீதத்துக்கு வர வேண்டும், ஒரு வருடம் வைத்திருக்க வேண்டுமென்றால் 13. கறுப்புக் கோடு விழுந்து முதல் பத்து நாள் நல்ல வெயில். 31-லிருந்து 23.5-க்கு வந்தது, நாளுக்கு முக்கால் சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். அதன்பிறகு வானம் மூடிக்கொண்டது. அடுத்த ஒன்பது நாளில் இறங்கியது வெறும் ஒன்றரை சதவீதம்.

இது ஏன் இப்படி என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. வெயில் குறைந்தது மட்டும் காரணமில்லை, காற்றின் தாகம் குறைந்துவிடுகிறது. 25 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று இன்னும் சுமார் 1.27 கிலோபாஸ்கல் (நீராவியின் அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு நீராவியை ஏற்றுக்கொள்ளும். 10 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் மிச்சமிருக்கும் இடம் சுமார் 0.25 மட்டுமே. ஐந்தில் ஒரு பங்கு! செப்டம்பர் மாதிரியான ஒரு நாளில் இறங்குகிற ஈரம், இப்படிப்பட்ட குளிர் நாட்களில் இறங்க ஐந்து நாள் எடுக்கும். அதோடு பகல் சுருங்குகிறது, பனித்துளி கதிரை விட்டு இறங்கவே பத்து பதினோரு மணி ஆகிவிடுகிறது. செடியில் காயட்டும் என்று காத்திருப்பதற்கு இந்தக் கட்டத்தில் அர்த்தமே இல்லை.

இடையில் ஈரமானியைப் பற்றி ஒரு வார்த்தை. கையடக்க ஈரமானி 25 சதவீதத்துக்கு மேல் போனால் அவ்வளவாக நம்ப முடியாது. மணி குளிர்ந்திருந்தாலும் தப்புக் காட்டும், மேலே பனி ஒட்டியிருந்தால் உண்மையை விட அதிகம் காட்டும். நான் ஒடித்த கதிரை அறை வெப்பத்துக்கு வரும் வரை மூடிய டப்பாவில் வைத்துத்தான் அளந்தேன். அது போதாதென்று அடுப்பிலும் சரிபார்த்தேன்: 50 கிராம் முழு மணியை 103 டிகிரியில் 72 மணி நேரம் வைத்தேன், எடை 39 கிராமுக்கு வந்தது. போனது 11 கிராம், அதாவது 22 சதவீதம். அதே மணிக்கு ஈரமானி காட்டியது 20.8. ஒரு சதவீதத்துக்கு மேல் குறைவு. அன்றிலிருந்து ஈரமானி சொல்வதோடு 1.2 கூட்டித்தான் எழுதுகிறேன், மேலே உள்ள 23.5-ஐயும் அப்படித்தான் பின்னால் திருத்தி எழுதினேன். இதைச் செய்யாமல் ஈரமானியை நம்பி மூட்டை கட்டியிருந்தால் 14 என்று நினைத்து 15-க்கு மேல் உள்ளதைக் கட்டியிருப்பேன்.

ஒடிப்பது என்று முடிவெடுக்க வைத்தது தட்டை. ஐந்து இடத்தில் இருபது இருபது செடியாக, மொத்தம் நூறு செடியை நெஞ்சு உயரத்தில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தேன். பதின்மூன்று செடி நிமிரவில்லை, அடியில் முறிந்துவிட்டது. முறிந்த ஒரு தட்டையைப் பிளந்து பார்த்தேன், உள்ளே பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய சோறு கரைந்து நார் மட்டும் இருந்தது. நூற்றுக்குப் பத்துக்கு மேல் சாய்ந்தால் அந்த வயலை முதலில் எடு என்பார்கள். ஒரு பெருங்காற்று வந்தால் கதிரெல்லாம் தரையில் கிடக்கும், தரையில் கிடக்கும் கதிர் ஈரத்தில் முளை விடும். சரி, 22-லேயே ஒடித்துவிடுவோம்.

இனி பெட்டி. கொட்டகைக்குள் 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் மரச்சட்டம், பக்கங்களுக்குப் பிளைவுட். தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் துளைத் தகடு. அந்தத் தகட்டின் மேல்தான் மணி கிடக்கும், தகட்டுக்குக் கீழே உள்ள வெற்றிடத்தில் ஊதுவிசிறி காற்றைத் தள்ளும். தகட்டில் துளைகளின் மொத்தப் பரப்பு பத்து சதவீதத்துக்காவது இருக்க வேண்டும், இல்லையென்றால் தகடே காற்றை மறித்துவிடும். துளை பெரிதாக இருந்தால் நொய் கீழே கொட்டும், என்னுடையது 2 மி.மீ. துளை. மணியை 60 செ.மீ. உயரத்துக்குக் கொட்டினால் சுமார் 620 கிலோ பிடிக்கிறது. விசிறி நிமிடத்துக்கு 10 கன மீட்டர் அளவுக்குத் தள்ளக்கூடியது. பெரிய சேமிப்புக் கலங்களில் சூடாக்காத காற்றால் உலர்த்தும்போது டன்னுக்கு நிமிடத்துக்கு சுமார் ஒரு கன மீட்டர் என்று கணக்கு வைப்பார்கள், அது முடிய வாரக்கணக்கில் ஆகும். எனக்கு அவ்வளவு நாள் கிடையாது, ஒரு ஈடு முடிந்து அடுத்த ஈடு போட வேண்டும். அதனால்தான் ஆழம் குறைத்து, காற்றைப் பல மடங்கு கூட்டினேன்.

காற்று நிஜமாகவே மணிக்குள் போகிறதா என்பதை அறிய ஒரு வழி இருக்கிறது. ஒரு கண்ணாடிக் குழாயை, பிளாஸ்டிக் என்றாலும் சரி, யூ வடிவில் வளைத்துப் பலகையில் கட்டி, பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைத் தகட்டுக்குக் கீழே உள்ள வெற்றிடத்தில் செருகிவிடுங்கள், மறுமுனை வெளியே திறந்திருக்கட்டும். விசிறி ஓடும்போது இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அழுத்தம். 60 செ.மீ. மக்காச்சோளத்துக்கு இந்த அளவு காற்று போனால் 11, 12 மி.மீ. வர வேண்டும் என்று கணக்கு சொன்னது.

முதல் நாள் வந்தது 4 மி.மீ.

விசிறி பலமாகத்தான் ஓடுகிறது, மணியின் மேல் கை வைத்தால் காற்றே இல்லை. கையை நனைத்துக்கொண்டு பெட்டியின் அடியைச் சுற்றித் தடவிப் பார்த்தேன், ஈரக் கைக்குக் குளிர் சட்டென்று தெரியும். நாலு மூலையிலும் காற்று சீறிக்கொண்டிருந்தது. அதைவிட மோசமாக, விசிறியின் வாயைப் பெட்டியோடு இணைக்கும் தகரத்தின் கீழ் விளிம்பில் ஒரு விரல் அளவு இடைவெளி. மணியை முழுக்க அள்ளி வெளியே கொட்டி, மூலைகளுக்கு உள்பக்கம் சிலிகான் பூசி, தகர விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்து இறுக்கினேன். துளைத் தகடு சட்டத்தில் உட்காரும் இடத்திலும் டியூப் துண்டு வைத்தேன். ஒரு முழு நாள் போயிற்று. மறுபடி கொட்டி ஓட்டியதும் 12 மி.மீ. அந்தத் தண்ணீர்க் குழாய் இல்லையென்றால் விசிறி ஓடுகிற சத்தத்தை நம்பி நாலு நாள் ஓட்டியிருப்பேன், மேல் அடுக்கு பூஞ்சணம் பிடித்திருக்கும்.

இரண்டாம் ஈட்டில் 17 மி.மீ. காட்டியது வேறு கதை. உதிர்த்த மணியைச் சலிக்காமல் ஒரே இடத்தில் நின்று கொட்டினேன், நொய்யும் உமியும் நடுவில் கூம்பாகக் குவிந்துவிட்டது, காற்று அந்த இடத்தை விட்டு ஓரமாகவே போனது. அள்ளிச் சலித்துப் பரப்பியதும் 12-க்கு வந்தது.

எந்நேரமும் விசிறியை ஓட்டுவதால் பயன் இல்லை. மணிக்கும் காற்றுக்கும் ஒரு சமநிலை உண்டு: 15 டிகிரி வாக்கில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் மக்காச்சோளம் 14, 15 சதவீதத்தில் நின்றுவிடும், 80 என்றால் 16-க்கு மேல்தான். மூடுபனி நாளில் மாதக்கணக்கில் ஊதினாலும் 14-க்கு வராது. ஆனால் காற்றைக் கொஞ்சம் சூடாக்கினால் நிலைமை மாறுகிறது. 10 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காலைக் காற்றை 15 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 65-க்கு இறங்கிவிடும். என் விசிறியின் அளவுக்கு 5 டிகிரி ஏற்ற ஒரு கிலோவாட் ஹீட்டர் போதும், அதை விசிறியின் பின்புறம், காற்று உள்ளே இழுக்கப்படும் பக்கத்தில் வைத்தேன். விசிறி நின்றால் ஹீட்டரும் தானாக நிற்கும்படி இணைப்புக் கொடுத்தேன். இதை மட்டும் யாரும் தள்ளிப்போட வேண்டாம். உமித் தூசியும் சூடான கம்பியும் ஒரே இடத்தில் இருந்தால் கொட்டகையே போய்விடும், முன்னால் கம்பி வலையும் போட்டு தினமும் துடைத்தேன். விதைக்கு வைக்கும் மணியாக இருந்தால் காற்று 43 டிகிரியைத் தாண்டக் கூடாது, என் பெட்டி அதன் பக்கத்தில்கூடப் போகாது.

முதல் ஈடு 620 கிலோ, 22 சதவீதத்தில் உள்ளே போனது. பகலில் பத்து பத்தரை மணி நேரம், ஐந்து நாள், மொத்தம் 52 மணி நேரம் ஓடியது. இரண்டாம் நாள் மாலை மேலும் கீழும் கை விட்டு எடுத்து அளந்தேன்: தகட்டை ஒட்டி 13.5, மேல் அடுக்கு 22-லிருந்து அசையவே இல்லை. காய்வது கீழிருந்து மேலாக ஒரு பட்டையாக ஏறும், கீழே கிளம்பிய ஈரம் முழுவதும் மேல் அடுக்கைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும். எனவே கெட்டுப்போவதென்றால் மேல்தான் முதலில் கெடும், மூக்கை வைத்து முகர்ந்து பார்க்க வேண்டிய இடமும் அதுதான். மூன்றாம் நாள் மண்வெட்டியால் அடிமணியை மேலே புரட்டிவிட்டேன். முடிவில் 14.2 சதவீதம், எடை 561 கிலோ. கணக்குப்படி 563 வர வேண்டும். ஏறக்குறைய 57 கிலோ தண்ணீரை இந்தப் பெட்டி வெளியேற்றியிருக்கிறது. செடியில் காய்ந்திருந்தால் நான் இழந்திருக்கப்போவது எத்தனை நாள் என்று நினைத்துப் பாருங்கள்.

மூன்று ஈடு முடியப் பதினேழு நாள் ஆயிற்று, ஆனால் வயலில் வேலை இரண்டே நாள்தான். கதிரை மொத்தமும் ஒடித்து, தோகை உரித்து, கொட்டகையில் சட்டங்களின் மேல் பரப்பிவிட்டு, ஈடு ஈடாக உதிர்த்துக்கொண்டேன். மூன்றாம் ஈட்டுக்கான கதிர் முழங்கால் உயரத்துக்குக் குவிந்துவிட்டது, அது என் தவறு. எட்டாம் நாள் குவியலுக்குள் கை விட்டால் வெதுவெதுப்பு. பிரித்துப் பரப்பினேன். நுனியிலிருந்து இளஞ்சிவப்பாகப் பூஞ்சணம் இறங்கியிருந்த கதிர்கள் முப்பத்தைந்தைத் தனியே எடுத்துக் கழித்தேன். அந்த இளஞ்சிவப்பு, ஜிப்பரெல்லா வகைப் பூஞ்சை, குளிர்ந்த ஈரமான வானிலையில் வருவது. காயவைத்தால் அது வளர்வது நிற்கும், ஆனால் ஏற்கெனவே மணியில் விட்டுவைத்த நஞ்சு போகாது. மனிதருக்கும் வேண்டாம், கால்நடைக்கும் வேண்டாம்.

சோயாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது 13 சதவீதத்தில் எடுக்க வேண்டியது, ஆனால் ஒரே நாளில் பல சதவீதம் ஏறி இறங்கும். காலையில் 17, மதியம் இரண்டு மணிக்கு 12.5. நனைந்து நனைந்து காய்ந்தால் காய் வெடித்துச் சிதறும். நாலு வரிசைதானே, முதல் காய்ந்த மதியத்திலேயே எடுத்து முடித்தேன்.

அப்புறம் விதைப்பு, எனக்கு இதுதான் முக்கியம். கதிர் ஒடித்த முதல் நாள் உதவிக்கு வந்த தம்பி, "அண்ணே, மேலே காஞ்சுதானே இருக்கு, டிரெய்லரை உள்ளே கொண்டுவந்துடலாமா?" என்று கேட்டான். போன வருடம் நானும் இதையேதான் நினைத்தேன். மேலே இரண்டு விரல் காய்ந்திருந்தது, அடியில் ஈரம். நிறைந்த டிரெய்லரை ஒரே ஒரு தடவை குறுக்கே ஓட்டினேன், கணுக்கால் ஆழத்துக்குத் தடம் விழுந்தது. மேலே சமப்படுத்தி விதைத்துவிட்டேன். வசந்தத்தில் அந்த இரண்டு தடத்திலும் கோதுமை மஞ்சளாகக் கோடு போட்ட மாதிரி நின்றது, மழை பெய்தால் தண்ணீர் அங்கே மட்டும் தேங்கியது. ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தேன், ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே வேர் படுக்கையாகத் திரும்பியிருந்தது. ஈர மண் இறுகுவதில் பெரும்பகுதி முதல் ஓட்டத்திலேயே நடந்துவிடும். இந்த வருடம் டிரெய்லர் வரப்பை விட்டு இறங்கவில்லை, கதிரைத் தள்ளுவண்டியில் ஓரத்துக்குக் கொண்டுவந்தோம். கை வலித்தது, ஆனால் நிலத்தில் ஒரு தடம் இல்லை.

மண் பதமா என்பதற்கு நான் செய்வது திரி உருட்டுவது. விதைக்கும் ஆழத்தில் மட்டும் எடுக்காமல், பத்து செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு நெல்லிக்காய் அளவு மண்ணை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டித் திரியாக்குங்கள். 3 மி.மீ. கனத்துக்கு வந்தும் உடையாமல் நீண்டால் மண் இன்னும் குழைவு நிலையில் இருக்கிறது, கருவியை இறக்கக் கூடாது. அந்தக் கனத்துக்கு வருமுன் நொறுங்கினால் இறங்கலாம். மண்ணின் இந்தக் குழைவு எல்லையை 1911-இல் வகுத்துச் சொன்னவர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர். கட்டடக்காரர்கள் அஸ்திவாரத்துக்கு இன்றும் இதைத்தான் பார்க்கிறார்கள், உழவுக்கும் அப்படியே பொருந்துகிறது. கதிர் ஒடித்து முடித்த மறுநாள் திரி பென்சில் மாதிரி வந்தது. இரண்டு நாள் காற்று அடித்தது, மூன்றாம் நாள் மதியம் நொறுங்கியது. தட்டையை நறுக்கிக் கலந்து, அன்று மாலையும் மறுநாளும் தாழ்வான ஓரம் தவிர்த்து எல்லாவற்றையும் விதைத்துவிட்டேன். ஆழம் மூன்றரை செ.மீ. கொட்டகையில் அந்த நேரம் முதல் ஈடு ஓடிக்கொண்டிருந்தது.

மண் வெப்பம் அப்போது 13 டிகிரி. கோதுமை விதைத்ததிலிருந்து மேலே தலைகாட்ட, தினசரி சராசரி வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே வந்தால் சுமார் 150 ஆக வேண்டும். 13 என்றால் பன்னிரண்டு நாளுக்குள். என்னுடையது பன்னிரண்டாம் நாள் காலை வரிசை தெரிந்தது. ரொம்ப முந்தி விதைப்பதும் நல்லதல்ல, வெதுவெதுப்பில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஏறி, மஞ்சள் குட்டை நச்சுயிரியைப் பரப்பிவிடும்.

தாழ்வான ஓரம் மேலும் பதினாறு நாள் கழித்துத்தான் நொறுங்கியது. அதற்குள் மண் 8 டிகிரி. பிந்தி விதைத்தால் குளிருக்கு முன் தூர் கட்ட நேரம் இருக்காது, அதனால் விதையளவைக் கால் பங்கு கூட்டினேன். தலைகாட்ட இருபது நாள் எடுத்தது. இன்று காலை அளவுகோலோடு போய் எண்ணினேன்: முந்தி விதைத்த பகுதியில் ஒரு மீட்டர் வரிசைக்கு 38 செடி, இரண்டாவது தூர் எட்டிப் பார்க்கிறது. ஓரத்தில் 29, ஒற்றை இலை. அந்த ஓரத்தில் காணாமல்போன விதைகளைத் தேடி வரிசையில் ஒரு அடி நீளம் மண்ணைக் கிளறினேன். நாலு விதை ஊதிப்போய், முளைக்காமல், விரலால் அழுத்தியதும் பாலாகப் பிதுங்கியது. தண்ணீர் அங்கே இன்னும் நிற்கிறது. அடுத்த வாரம் மழை விட்டதும், வரப்பை ஒட்டி ஒரு வடிகால் சால் வெட்ட குச்சி அடித்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.